அஞ்சலை தெருவுக்கு வந்த ஆபத்து

தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் முதலில் கதையை முழுசாகக் கேட்கவும்.

வடசென்னையில் அஞ்சலை தெரு என்று ஒன்று. காலராவுக்குப் பயந்து சொந்தக்காரனே கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில், வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்த அஞ்சலையின் பெயர்தான் அது. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் கன்னியம்மா அவளுடைய கொள்ளுப்பேத்தி. காகிதத்தில் சான்று கிடையாது, தெருவே சாட்சி.

காண்டிராக்டர் ஏகாம்பரத்துக்கு அது பொறுக்கவில்லை. தெருவுக்கு முதலில் இருந்தது தன் கொள்ளுத்தாத்தா மாசிலாமணியின் பெயர்தான் என்று மாநகராட்சியில் மனுப் போட்டான். ஒரு பழைய தபால் அட்டையோடு ஒன்பதாம் நம்பர் வசுந்தராவின் வீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, இது உங்க வீட்டுப் பரண்ல கிடைச்சுதுன்னு ஒரு கையெழுத்து. அவ்ளோதான். பாப்பா டியூஷன் முடிஞ்சு ஏழு மணிக்குத் தனியாத்தானே வருது? நம்ம பசங்க பாத்துப்பாங்க."

வசுந்தரா அட்டையைப் பார்த்தாள். தேதி 1938. முகவரி: மாசிலாமணி தெரு, புது எண் 9, பழைய எண் 22. அடப்பாவி! மாநகராட்சி ஆள் புது எண் தகட்டை அடித்தபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான், கல்யாணமான மறு வருஷம். சொல்ல வாய் வருமா?

"உள்ளத சொல்லும்மா, போதும்" என்றாள், கையெழுத்துக் கேட்ட சேதி காதில் விழுந்த கன்னியம்மா. புருஷனோ, "போட்டுத் தொலை" என்றான்.

விசாரணை நாளில், ஏகாம்பரம் பக்கத்திலேயே நிற்க, வசுந்தரா கையெழுத்துப் போட்டாள். கீழே முகவரி எழுதும் இடத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்: 'புது எண் தந்தது 1999-இல்.' அவன் கையெழுத்தை மட்டும் பார்த்தான். அதிகாரி எல்லாவற்றையும் படித்தார், கோப்பை மூடினார். மறுவாரம் மனு தள்ளுபடி. 'சான்று போதாது' என்று ஒற்றை வரி. தெருவின் பெயர் பிழைத்தது. ஏகாம்பரம் அதிகாரியைச் சபித்தான்.

கன்னியம்மா தெருவே கேட்கக் கத்தினாள்: "பயந்தாங்கொள்ளி! பொய்க் கையெழுத்து போட்டியே! இனிமே உன் வூட்டுத் துணி என் வண்டில ஏறாது!"

வசுந்தரா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள்: அவள் வாயைத் திறந்திருக்க வேண்டுமா, மூடியது சரியா?

விடை: மூடியதுதான் சரி. விஷயம் தெரிந்தால் கன்னியம்மா பூரித்துப்போய் நாலு பேரிடம் சொல்வாள். ஐந்தாவது ஆள் ஏகாம்பரமாக இருப்பான். அவள் வைகிற ஒவ்வொரு வசவும் அவனுக்குச் சந்தேகம் வராமல் பார்த்துக்கொள்கிறது. திட்டட்டும். இன்னும் கொஞ்சம் சத்தமாகவே திட்டட்டும்.