சனிக்கிழமை கிளம்பாத வேன்

வைரவன் ஐந்தாவது தடவையாகச் சாவியைத் திருப்பினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

“சனியனே!” என்று ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு அடி அடித்தார். அடித்த கையாலேயே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேற்றுத்தான் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட வண்டி.

முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிவிட்டு, மனசு அடங்கட்டும் என்று இந்த மலையடிவார மடத்துக்கு வந்தவர் அவர். மனசு எங்கே அடங்கியது? மடத்துச் சாமி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். வந்த அன்றே இந்த ஓட்டை வேனின் சாவியைக் கையில் கொடுத்து, “இதுதாண்ணே உங்க தியானம்” என்று சொல்லிவிட்டார். நல்ல தியானம்!

பின் சீட்டில் அடிவாரத்து ஊர்க் கிழவி ஒச்சம்மாள் இருந்தாள். இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. செவ்வாயும் சனியும் டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ். போன சனிக்கிழமை வண்டி கிளம்பாமல் ஒரு முறை தவறி, மூன்று நாள் மூச்சு முட்டிக் கிடந்தாள். இன்னொரு தடவை தவறினால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஏற அவளால் முடியாது. அந்த ஊரில் வேறு வண்டியும் கிடையாது.

“வைரவா, போவமாப்பா?” என்றாள்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தார். சத்தம் கேட்டுச் சாமியும் வந்து நின்றார்.

“என்னண்ணே?”

“என்னத்தைச் சொல்ல சாமி! செவ்வாய்க்கிழமை தொட்டதும் கிளம்புது. சனிக்கிழமைதான் சண்டித்தனம். அதுவும் எல்லாச் சனிக்கிழமையும் இல்லை. மெக்கானிக் வந்து நின்னா நல்ல பிள்ளையா ஓடுது. என் மானத்தை வாங்குறதுக்குன்னே பொறந்த வண்டி!”

“இதுவரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?”

“பேட்டரி மாத்தினேன், கிளம்புச்சு. ரெண்டு வாரத்துல படுத்துக்கிச்சு. செல்ஃப் மோட்டார் மாத்தினேன், கிளம்புச்சு. மறுபடி படுத்துக்கிச்சு. சாவி போடுற சுவிட்சையும் மாத்தியாச்சு. இனி மாத்த நான் ஒருத்தன்தான் பாக்கி.”

“மாத்தினதும் கிளம்புச்சா, இல்ல, நடுவுல வேற ஏதாச்சும் செஞ்சீங்களா?”

“நடுவுல என்ன செய்ய? மாத்துவேன், பானெட்டை மூடுவேன், சாவியைப் போடுவேன்.”

“எப்படி மூடுவீங்க?”

“எரிச்சல்ல இருக்கிறவன் எப்படி மூடுவான்? படார்னுதான்!”

சொல்லிக்கொண்டே மூடக் கையை வைத்தார். சாமி அந்தக் கையைப் பிடித்தார்.

“இன்னைக்கு மூடாதீங்க.”

“மணி எட்டாகுது சாமி! மூடினா ஒருவேளை கிளம்பிடும்!”

“அதனாலதான் சொல்றேன். அதிர்ச்சியில கிளம்பிட்டா கோளாறு மறுபடி ஒளிஞ்சுக்கும்.”

வைரவனுக்குச் சுர்ரென்று ஏறியது. உயிருக்கு ஒருத்தி உள்ளே தவிக்கிறாள், இந்த மனுஷனுக்கு இப்போதுதான் விளையாட்டா? ஆனாலும் சாமி சொல்லாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் ஏறினார்.

“சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே இருங்க.”

டிக். சாமி ஒவ்வொரு வயராக விரலால் அழுத்திக்கொண்டு வந்தார். பேட்டரியிலிருந்து வந்து வண்டியின் உடம்பில் போல்ட் போட்டிருந்த எர்த் வயரை அழுத்தியதும், வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“நிறுத்திட்டு இங்க வாங்க.”

“ஓடுற வண்டியை நிறுத்தவா?”

“நிறுத்துங்கண்ணே.”

சாமி ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றி, வயரின் நுனியை நகத்தால் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. போல்ட்டுக்கு அடியில் இறங்கி, வயருக்கும் இரும்புக்கும் நடுவே அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. வைரவன் அதை முகர்ந்து பார்த்தார். சந்தனம்.

“ஒரு எடம் விடாம வச்சேன் சாமி,” என்றார். “எல்லாமே ஆண்டவன் கொடுத்த உறுப்புன்னு நெனச்சு, போல்ட்டுக்குக்கூட வச்சேன். வெள்ளிக்கிழமை தவறினதே இல்லை.”

சாமி நுனியை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக முடுக்கினார். பானெட்டை மெதுவாகச் சாத்தினார்.

சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது.

வைரவனின் கை பழக்கத்தில் பக்கத்து சீட்டிலிருந்த கற்பூரத் தட்டுக்குப் போனது. கிளம்பும்போதெல்லாம் வண்டிக்குச் சூடம் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் எடுப்பார். அதற்கே பத்து நிமிஷம் ஆகும். ஒச்சம்மாள் அதுவரை உட்கார்ந்திருப்பாள்.

தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அப்போ இனிமே பொட்டே வைக்கக் கூடாதா சாமி?”

“தாராளமா வைங்கண்ணே. ஒண்ணு இன்னொண்ணைப் போய்ச் சேர வேண்டிய எடத்துல மட்டும், சாமியே ஆனாலும் குறுக்க விடாதீங்க.”

பின்னால் ஒச்சம்மாள் மூச்சு வாங்குவது கேட்டது.

வைரவன் ஏற்றாத கற்பூரத் தட்டை ஜன்னல் வழியாகச் சாமியின் கையில் கொடுத்துவிட்டு, கியரைப் போட்டார்.