கேள்வியை வெட்டிய அமைச்சர்

சீடனுக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தாறு. அது போதாதென்று சீடன் ஒரு நாட்டின் அமைச்சர். குருவோ அவர் பேசுவதை எழுதிக்கொள்ளும் சம்பளக்காரி.

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த சின்ன நாடு அது. அமைச்சர் மாசிலாமணியின் கையில் இரண்டு துறைகள் இருந்தன. ஒன்று நாட்டுப் பாதுகாப்பு. மற்றொன்று சட்டச் சீர்திருத்தம். இரண்டையும் தூக்கிச் சுமப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குருவின் பெயர் சௌந்தரம். நாடாளுமன்றத்தில் அவைத் தலைவரின் நாற்காலிக்குக் கீழே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதுபவர். இருபத்திரண்டு வருடமாக எல்லார் பேச்சையும் எழுதி எழுதித் தன் பேச்சைக் குறைத்துக்கொண்டவர்.

மாசிலாமணி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவையில் முதல் முறை எழுந்து நின்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிர்வரிசையில் இருந்த வக்கீல் ஆவுடையப்பன், "பொறுங்கள், உறுப்பினர் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்" என்றார். அவை முழுக்கச் சிரித்தது.

அன்று மாலை மாசிலாமணி பதிவை வாங்கிப் பார்த்தார். அதில் தடுமாற்றம் இல்லை, சிரிப்பும் இல்லை. எழுதியவரைத் தேடிப் போய் நன்றி சொன்னார்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. திக்கலையும் இருமலையும் எழுதக்கூடாது என்று விதி" என்றார் சௌந்தரம். "அடுத்த முறை எழுந்ததும் முதலில் அவைத் தலைவரைக் கூப்பிடுங்கள். அதற்குள் மூச்சு வந்துவிடும்."

அந்த ஒரு யோசனையில் அவர் பிழைத்துக்கொண்டார். அன்று முதல் கேலியாகக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். வருடம் போகப் போகக் கேலி உதிர்ந்துவிட்டது, சொல் மட்டும் மிஞ்சியது.

ஆவுடையப்பன் சொன்னது மட்டும் பன்னிரண்டு வருடமாகியும் ஆறவில்லை. சிலருக்கு அடி ஆறும், சிரிப்பு ஆறாது.

ஒரு நாள் மாலை மாசிலாமணி குருவின் அறைக்கு வந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கள், ஐயா."

"எந்தக் கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொல்ல என்ன வழி?"

சௌந்தரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "அமைச்சரான ஆறு வருடத்தில் நீங்கள் தடுமாறியதே இல்லையே."

"இல்லைதான். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அது சரிதானா என்று உங்கள் வாயால் கேட்கவேண்டும்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார்.

"அதிகாரிகள் தாளில் மேல் பாதியில் எண்ணோடு கேள்வியையும் கீழ்ப் பாதியில் பதிலையும் அடித்துத் தருகிறார்கள். கேள்வியைப் படித்தால் மனசு அலைகிறது. இவன் ஏன் இதைக் கேட்கிறான், இதில் என்ன உள்குத்து என்று. அதனால் முந்தின நாளே மேல் பாதியை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவேன். கையில் பதில் மட்டும் இருக்கும். அவையில் கேள்வியை வாசிக்கும்போதும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். முறை வந்ததும் எழுவேன், வாசிப்பேன், உட்காருவேன். ஆவுடையப்பனால் என்னை ஒரு தடவையாவது மடக்க முடிந்ததா?"

"இல்லை."

"என் வாயிலிருந்து ஒரு உறுதிமொழியாவது பிடுங்க முடிந்ததா?"

"அதுவும் இல்லை, ஐயா."

அந்த நாடாளுமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அமைச்சர் அவையில் இதைச் செய்வோம் என்று சொல்லிவிட்டால், எழுதுகிறவர் அந்த வரியின் பக்கத்தில் சிவப்புக் கோடு போடுவார். தொண்ணூறு நாளில் அது நடக்கவேண்டும். நடக்காவிட்டால் அமைச்சர் பதவியை விட்டு இறங்கவேண்டும். மாசிலாமணியின் பேச்சுப் பதிவுகள் எல்லாம் ஒரு சிவப்புக் கோடும் படாமல் சுத்தமாக இருந்தன.

"அப்படியானால் என் வழி சரிதானே, குருவே?"

சௌந்தரம் பென்சிலின் முனையைப் பார்த்தார்.

"நாளைக்குச் சொல்கிறேன்."

மறுநாள் கேள்வி நேரத்தில் அமைச்சருக்கு இரண்டு கேள்விகள். ஏழாவது பாதுகாப்பைப் பற்றியது. எட்டாவது சட்டத்தைப் பற்றியது. இரண்டையும் கொடுத்திருந்தவர் ஆவுடையப்பன். மாசிலாமணி வழக்கம்போல வெட்டிய தாள்களோடு காரை விட்டு இறங்கினார். காற்றில் தாள்கள் இரண்டும் கீழே விழுந்தன. டிரைவர் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு நிமிர்ந்த நடையாக உள்ளே போனார்.

ஏழாம் கேள்வியை ஆவுடையப்பன் வாசித்தார். வடக்கு மலைக்கோட்டையில் காவல் நிற்கும் வீரர்கள் பதினான்கு மாதமாக வீடு திரும்பவில்லை. அவர்களை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

மாசிலாமணி எழுந்தார். "அவைத் தலைவர் அவர்களே" என்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இது குறித்து ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டுள்ளது. குழுவின் அறிக்கை வந்ததும் உரிய முடிவு எடுக்கப்படும். அதுவரை இப்போதுள்ள நிலையே தொடரும்."

ஆளும் வரிசை மேசையைத் தட்டியது. எதிர்வரிசை 'வெட்கம், வெட்கம்' என்றது. தினமும் நடப்பதுதான்.

எட்டாம் கேள்வி நீளமானது. அந்த மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள் யாரும் கிணறு வெட்டக்கூடாது என்று நூறு வருடத்துக்கு முந்தைய சட்டம் ஒன்று இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அடிவாரத்து ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து பொதுக்கிணறு வெட்டினார்கள். ஏழு மாதமாக ஒன்பது பேரும் சிறையில் இருக்கிறார்கள். ஆவுடையப்பன் ஒன்பது பெயரையும் வாசித்தார். சட்டத்தை எப்போது மாற்றுவீர்கள், இவர்களை எப்போது விடுவீர்கள் என்று கேட்டு, ஒரு சட்டப் பிரிவையும் சொல்லி முடித்தார்.

அமைச்சர் எழுந்தார். குரல் கணீரென்று வந்தது.

"அவைத் தலைவர் அவர்களே, அவர்கள் அனைவரும் நலமாக இருக்கிறார்கள். மூன்று வேளை உணவும் மருத்துவ வசதியும் தரப்படுகின்றன. வரும் மாதம் முதல் வாரத்தில் அனைவரும் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்."

மறுபடியும் மேசைகள் அதிர்ந்தன. ஆவுடையப்பன் கையில் ஒரு காகிதத்தோடு துணைக் கேள்விக்கு எழுந்தார்.

"குழு, குழு என்று இன்னும் எத்தனை நாள் இந்த அவையை ஏமாற்றுவீர்கள்? அந்தக் குழுவின் அறிக்கை எப்போது வரும்?"

"விரைவில் வரும்" என்றார் மாசிலாமணி.

பார்வையாளர் மாடத்தில் ஒரு பெண் எழுந்து நின்று, தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டார். பார்வையாளர்கள் எழக்கூடாது. காவலர் அவரை வெளியே அழைத்துப் போனார். சௌந்தரத்தின் பென்சில் ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

மாலை ஐந்தேகாலுக்கு மாசிலாமணி குருவின் அறைக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஆவுடையப்பன் மூஞ்சியைப் பார்த்தீர்களா, குருவே? புளித்த மோரைக் குடித்தவன் மாதிரி!"

"நான் முகத்தை எழுதுவதில்லை. உட்காருங்கள், ஐயா."

அன்றைய பதிவை எடுத்து வைத்தார். வழக்கமாக அமைச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அன்று அவர் கண் பாதியிலேயே நின்றது.

"இது என்ன?"

"சிவப்புக் கோடு."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இது வீரர்களைப் பற்றிய பதில். அவர்களுக்கு விடுப்பு உத்தரவு போன வாரமே போட்டாயிற்று. முடிந்ததைத்தானே சொன்னேன். இதற்கு எதற்குக் கோடு?"

"மேலே இருக்கும் கேள்வியைப் படியுங்கள்."

அவர் மேலோட்டமாகப் படித்தார். பிறகு ஏழாம் கேள்வியைப் படித்தார். மறுபடியும் எட்டாம் கேள்விக்கு வந்தார். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தாள் மாறிப்போச்சு! ஒருத்தன் கண்டுபிடிக்கவில்லையே! ஆவுடையப்பன், பெரிய வக்கீல், அவனுமா? வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், குழு எங்கே என்று கேட்கிறானே!"

"அவர் துணைக் கேள்வியை நேற்றே எழுதி வைத்துவிட்டார், ஐயா."

"பத்திரிகைக்காரர்கள்?"

"காண்டீனில் இருந்தார்கள். இன்று கேசரி."

"அப்புறம் என்ன? ஆறு மணிக்குத்தானே பதிவு வெளியே போகும்? திருத்திவிடலாம்."

"ஒருவர் கவனித்தார்."

"யார்?"

"மாடத்தில் கும்பிட்டாரே, செல்லக்கிளி என்று பெயர். எட்டாம் கேள்வியில் நாலாவது பெயர் அவர் புருஷன். என் முறை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் ஒன்று கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"முதல் வாரம் என்றால் எந்தக் கிழமை என்று கேட்டார்."

மாசிலாமணியின் சிரிப்பு நின்றது.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எழுதுகிறவளுக்குத் தெரியாது என்றேன். ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இந்நேரம் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்."

சுவர்க்கடிகாரம் ஐந்தரை காட்டியது. அமைச்சர் எழுந்து நடந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"குருவே, திருத்த எனக்கு உரிமை உண்டா, இல்லையா?"

"உண்டு. வாய் தவறியதை ஆறு மணிக்குள் திருத்தலாம். அமைச்சர் தன் கையாலேயே எழுதவேண்டும். முதலில் கேள்வியை முழுதாக எழுதி, அதன் கீழே பதிலை எழுதவேண்டும். அதுதான் விதி."

"கேள்வியையுமா?"

"கேள்வியையும்."

சௌந்தரம் வெள்ளைத் தாளும் சீவிய பென்சிலும் எடுத்து வைத்தார். மாசிலாமணி எட்டாம் கேள்வியைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை. ஒவ்வொரு பெயரும் ஒரு மேடு ஏறுவதுபோல இருந்தது. நாலாவது பெயரில் பென்சில் கொஞ்சம் நின்றது. ஒன்பது பெயரும் முடிந்து, கடைசி வரிக்கு வந்தார்.

"சட்டத்தை மாற்ற நாளாகும் என்றாலும், அதே சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவின்படி அமைச்சர் ஓர் உத்தரவில் இவர்களை விடுதலை செய்யலாமே?" என்று வாய்விட்டுப் படித்தார். நிமிர்ந்தார்.

"இப்படி ஒரு பிரிவு இருப்பதாக ஒரு அதிகாரிகூட என்னிடம் சொல்லவில்லையே!"

"தாளின் மேல் பாதியில் இருந்தது, ஐயா."

மேசை ஓரத்தில் கத்தரிக்கோல் நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. மாசிலாமணி அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"தளபதி குதிப்பார். அடிவாரத்தில் கிணறு இருந்தால் எதிரி அதற்குள் இறங்கிக் கோட்டைக்குச் சுரங்கம் வெட்டுவான் என்பார். அதற்காக வந்த சட்டம் அது."

"எந்த எதிரி?"

மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து அமைச்சர் வீட்டுக்கே வெங்காயம் வந்துகொண்டிருந்தது.

ஐந்து ஐம்பதுக்கு முதல் மணி அடித்தது. பதிவை வாங்கிப் போக அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்றார்.

"நேற்றுக் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை, குருவே. என் வழி சரியா, தப்பா?"

"ஆறு வருடமாக உங்கள் பதில்களை எழுதுகிறேன். கேட்ட கேள்விக்குப் பொருந்துகிற பதில் இன்றைக்குத்தான் ஒன்று வந்தது. அதைத்தான் அடிக்க வந்திருக்கிறீர்கள்."

மாசிலாமணி வாசலில் நின்ற அச்சகத்து ஆளைப் பார்த்தார்.

பிறகு எட்டாம் கேள்வி எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதன் கீழே, பதிவில் இருந்த பதிலையே எழுதினார். முதல் வாரம் என்பதற்குப் பக்கத்தில் திங்கட்கிழமை என்று சேர்த்தார். இன்னொரு தாளில் ஏழாம் கேள்வியை எழுதி, அதன் கீழும் வீரர்களுக்கு உரிய அந்தப் பதிலை எழுதினார். மூன்றாவது தாளில் பன்னிரண்டாம் பிரிவின்படி உத்தரவு என்று தலைப்புப் போட்டு ஒன்பது பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். இந்த முறை பெயர்களைப் பார்க்காமலே எழுதினார்.

"தளபதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பதவி போனால் போகட்டும், போகாது" என்றார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

சௌந்தரம் ஏழாம் கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புக் கோடு போட்டுத் தாள்களை அடுக்கினார். அச்சகத்து ஆள் வாங்கிக்கொண்டு போனார்.

கதவு வரைக்கும் போன அமைச்சர் திரும்பி வந்தார். பன்னிரண்டு வருடத்துப் பழைய முள் ஒன்று அவரை விடவில்லை.

"குருவே, அடுத்தடுத்து இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் பதிவாகியிருக்கிறது. நாளைக்கு ஆவுடையப்பன் எழுந்து நின்று சிரிக்க மாட்டானா?"

சௌந்தரம் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினார்.

"சிரிப்பதற்கு, நீங்கள் பேசும்போது அவர் காது கொடுத்திருக்க வேண்டுமே, ஐயா."