மூன்றாவது டம்ளர்

"சிஸ்டர், தணிகாசலம் ஐயா தண்ணி குடிக்க மாட்டேங்கிறார். நேத்திலேர்ந்து இதே கதைதான்."

சொன்ன வேதநாயகிக்கு நாற்பத்தேழு வயது. நூல் மில்லில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்தவள். மில்லை மூடிய பிறகு, திண்டுக்கல் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் செலின் சிஸ்டருக்கு இருபத்தொன்பது. இளையவளிடம் பாடம் கேட்பதில் வேதநாயகிக்கு வெட்கமே கிடையாது. முதல் வரிசையில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்துவிடுவாள்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா என்னென்ன தெரியும்?" என்று கேட்டாள் செலின்.

"உதடு காயும். நாக்கு ஒட்டும். சிறுநீர் அடர் மஞ்சளா, கொஞ்சமாப் போகும். வயசானவங்களுக்குப் பேச்சு குழம்பும். இதுக்குப் பேரு நீரிழப்பு, டீஹைட்ரேஷன்."

"நூத்துக்கு நூறு."

"மார்க்கை வச்சு நான் என்ன பண்றது? நாலு மணிக்கு டாக்டர் வந்தா ட்ரிப்ஸ் ஏத்தச் சொல்லிடுவார்."

அதுதான் அவளுடைய பயம். இரண்டு மாதத்துக்கு முன் ட்ரிப்ஸ் ஏற்றியபோது தணிகாசலம் ஊசியைப் பிடுங்கிவிட்டார். கடைசியில் அவர் கையைத் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டியதாயிற்று. முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்த கை. வேதநாயகி அதைப் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதற்கே அழுதாள்.

செலின் ஆண்கள் வார்டுக்குப் போய் அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்துவிட்டு, கட்டிலில் தொங்கிய சார்ட்டை எடுத்து வந்தாள். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று குறிக்கிற தாள் அது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு டம்ளர். திங்கள் காலை பத்து மணிக்குள் மூன்று. அதன் பிறகு, மாத்திரைக்குக் குடித்த இரண்டு வாயைத் தவிர, வேதநாயகியின் அழகான கையெழுத்தில் வரிசையாக ஒரே வார்த்தை. மறுத்தார். மறுத்தார். மறுத்தார்.

"நேத்துப் பத்து மணிக்கு அப்புறம் என்ன ஆச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகலையே. கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கிறார். பிடிவாதம் சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல."

செலின் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பெண்கள் வார்டில் காலியாக இருந்த ஒரு கட்டிலைக் காட்டினாள்.

"படுங்க."

வேதநாயகி படுத்தாள். செலின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டாள்.

"உங்களுக்கு இப்ப இடது பக்கம் வராது, பக்கவாதத்துல தணிகாசலம் ஐயாவுக்கு வராத மாதிரி. தனியா இறங்கக் கூடாது. என்ன வேணும்னாலும் என்னைக் கூப்பிடணும்."

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வேதநாயகி குடித்தாள். சற்று நேரம் கழித்து இன்னொன்று. அதையும் குடித்தாள். காலையில் குடித்த காபியும் சேர்ந்துகொண்டது.

அரை மணி நேரத்தில் சங்கடம் ஆரம்பமாயிற்று.

"சிஸ்டர்."

செலின் கோடியில் ஒரு அம்மாளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்ன வேணும்?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

வேதநாயகிக்கு நாக்கு எழவில்லை. அந்த வார்டில் இன்னும் ஏழு பேர். ஏழு பேருக்கும் வேறு வேலை இல்லாததால் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சுண்டுவிரலைக் காட்டினாள்.

செலின் வந்து கம்பியை இறக்கி, தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். கதவை முழுசாகச் சாத்த விடவில்லை. நோயாளி விழுந்துவிட்டால் தெரிய வேண்டும் அல்லவா? வெளியே நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து படுத்தாள். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் வந்தது.

இந்தத் தடவை வேதநாயகி பொறுத்துப் பார்த்தாள். காலை மடக்கிப் பார்த்தாள். சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் படித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"சிஸ்டர், மறுபடியும்..."

செலின் தலையைத் தூக்கிச் சிரித்தாள். வார்டு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"இப்பத்தானேம்மா போயிட்டு வந்தீங்க? அதுக்குள்ளயா?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் களுக்கென்று சிரித்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எல்லாரும் நல்ல மனுஷிகள்தான்.

வேதநாயகிக்குக் காதெல்லாம் சுட்டது. "இல்ல, அவசரமில்ல," என்றாள்.

செலின் எழுந்து வந்தாள். கம்பியைத் தொடவில்லை. மூன்றாவது டம்ளரை நீட்டினாள்.

வேதநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செலின் பேனாவை எடுத்தாள். ஒரு புதுச் சார்ட்டில் நிதானமாக எழுதி, அவளுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

வேதநாயகி. பதினொன்று பத்து. தண்ணீர். மறுத்தார்.

வேதநாயகி அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அப்புறம்தான் செலின் கேட்ட கேள்வி காதில் சரியாக விழுந்தது.

அது செலினுடைய கேள்வியே இல்லை. "இப்பத்தானே ஐயா போனீங்க? அதுக்குள்ளயா?" நேற்றுக் காலை ஆண்கள் வார்டின் நடுவில், யூரின் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அவளேதான் கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது.

"அது உங்க காதுல விழுந்துச்சா சிஸ்டர்?"

"வராண்டாவுல இருந்தேன். விழுந்துச்சு. சார்ட்டைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் எனக்கே விஷயம் புரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நோட்டுல எழுதியிருப்பீங்க," என்றாள் செலின்.

கம்பியை இறக்கிவிட்டாள். வேதநாயகி முதலில் கழிப்பறைக்கு ஓடினாள். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பிறகு ஆண்கள் வார்டுக்குப் போனாள். தணிகாசலத்தின் கட்டிலைச் சுற்றித் திரையை முழுக்க இழுத்துவிட்டாள். துண்டால் மூடி எடுத்து வந்த யூரின் பாட்டிலை அவருடைய வலது கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டது என் தப்பு," என்று அவர் காதருகே சொன்னாள். "நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் கூப்பிடுங்க. பேர் சொல்லிக்கூடக் கூப்பிட வேண்டாம். கையை லேசா அசைச்சாப் போதும்."

அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கெஞ்சவில்லை, அதட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா," என்றார் தணிகாசலம்.

அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு நேரம் பிடித்தது. அவள் எதுவும் கேட்கவில்லை.

பின்னால் பாட்டிலைக் கட்டில் கொக்கியில் மாட்டுகிற சத்தம் கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி கொண்டாரலையாம்மா?"