கூட்டிச் சொன்ன விலை

இசக்கிமுத்து வேலை பார்த்த கடையில் புது காரும் வேனும் கண்ணாடிக்குள்ளே பளபளவென்று நிற்கும். பழைய வண்டிகளுக்குப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைதான். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போக வருகிறவர்கள் முதலில் அந்தக் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, விலை சொல்லுவது இசக்கிமுத்துவின் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இலஞ்சிக்கு அப்பால் தென்னந்தோப்புக்குள் இருந்த கோமதி அம்மாவின் ஆசிரமத்துக்குப் போவார். ஆசிரமம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, சமைக்க ஒரு கொட்டகை. போக்கிடம் இல்லாதவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே இருந்தார்கள். கோமதி அம்மா முன்பு தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். வயதில் இசக்கிமுத்துவைவிட இளையவர். அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் பதிலுக்கு ‘அம்மா’ என்பார். இதில் குரு யார், சீடர் யார் என்று வெளியாளுக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இசக்கிமுத்து எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“வண்டிய குடுக்க வாரவங்க முகத்தப் பாத்து விலை சொல்ல முடியலம்மா.”

“ஏன்?”

“செங்கோட்டையில இருந்து ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும் வந்தாங்க. வண்டியக் கழுவி, துடைச்சி, சந்தனம் குங்குமம் வச்சிக் கொண்டாந்தாங்க. நான் பாத்துட்டு விலையச் சொன்னேன். வாத்தியார் வாயே தெறக்கல. அந்தம்மாதான், ‘என்னங்க, நம்ம வீட்டு ஃபிரிட்ஜே இத விட வெல கூடவாச்சே’ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் என்னைய ஏறிட்டுப் பாக்கல. அவங்களையே நான் கொறச்சுப் பேசிட்ட மாதிரி.”

கோமதி அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மேனேஜர் தளவாய்தான் ஒரு வழி சொல்லிக் குடுத்தாரு. பழைய வண்டிக்கு வெலையக் கூட்டிச் சொல்லிருங்க, கூட்டினத புது வண்டியில தள்ளுபடியக் கொறச்சு நாம எடுத்துக்கிடலாம்னாரு. வாங்குதவங்களுக்கு ஒரு பைசா லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. கொஞ்ச நாளா அப்படித்தான் செய்யுதேன். எல்லாரும் சந்தோசமாப் போறாங்க. கையக் குலுக்கிட்டுப் போறாங்க. ஆனா எனக்கு ராத்திரிச் சோறு எறங்க மாட்டேங்குது. அது தப்பாம்மா?”

உருவிய கீரையை முறத்தில் பரப்பிவிட்டு அவர் எழுந்தார்.

“நம்ம வேன மாத்தணும் அண்ணாச்சி. போன வாரம் மழையில காய்ச்சக்காரப் பிள்ளைய வச்சிக்கிட்டு நடுரோட்டுல நின்னுட்டு. செவ்வாய்க்கிழமை கொண்டு வாரேன். நீங்களே வெல போட்டிருங்க.”

கேட்டதற்குப் பதில் இல்லை என்பதுகூட அப்போது இசக்கிமுத்துவின் மனதில் படவில்லை. வேனைக் கொடுக்கப் போகிறார்கள் என்பது மட்டும்தான் பட்டது.

அந்த வேனை அவர்தான் பல வருடம் ஓட்டினார். வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால், கையில் வேலையில்லாமல், மனைவி சொர்ணத்தோடு ஆசிரமத்துக்கு வந்து நின்ற காலம். “ஓட்டத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டுச் சாவியைக் கையில் கொடுத்தவர் கோமதி அம்மா. பிறகு கடையில் வேலை கிடைத்துப் போகிறவரைக்கும் அந்தச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. அம்மாவே ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற புது வண்டிகளைத் தாண்டி, புகை விட்டுக்கொண்டு, நேரே தகரக் கொட்டகைக்கு வந்து நின்றது. கழுவியிருந்தார்கள். கண்ணாடியில் திட்டுத் திட்டாகத் தண்ணீர் காய்ந்திருந்தது.

இசக்கிமுத்து பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். தகரத்தில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் அடிபட்டுப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடம். எந்த வண்டிக்கும் அதுதான் முதல் சோதனை.

கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், கையை எடுத்துக்கொண்டார். அவருக்கே தெரியும். இடது கதவு, முதல் வாரத்தில் கிணற்றுச் சுவரில் அவரே இடித்தது. பின்பக்கம், திருச்செந்தூரில் ஒரு ஜீப்காரன் இடித்துவிட்டு, இறங்கி வந்து இவரையே திட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு ஆசிரமத்தில் இருந்த அத்தனை பேரையும் கடல் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார்கள். அதுவரை கடலையே பார்த்திராத கிழவர் ஒருவர், ஈர வேட்டியோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து, வீடு வந்து சேருகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார். சீட்டுக்கு அடியில் மாசக்கணக்கில் மணல் கிடந்தது. யாரும் பெருக்கச் சொல்லவில்லை.

முன்சீட்டுப் பக்கம் வந்தபோது அவர் குனிந்து தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். துரு தின்று ஓட்டை விழுந்திருந்தது. கீழே சிமென்ட் தரை தெரிந்தது.

அது சொர்ணம் காலை வைக்கிற இடம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொள்வாள். ‘நனையுதே, ஏத்து’ என்று இவர் சத்தம் போடுவார். அவள் ஏற்றியதே கிடையாது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இதே வேனில்தான். பின்சீட்டில் படுத்துக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் முன்னாலதான் உக்காருவேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கும் கண்ணாடியை இறக்கித்தான் வைத்திருந்தாள். வெயில் காலம். சாரல் இல்லை.

அவர் விரிப்பைப் பழையபடி போட்டு, கையால் தடவிச் சரிசெய்தார்.

“எவ்வளவு அண்ணாச்சி?” என்று கோமதி அம்மா கேட்டார்.

“அறுபத்தஞ்சாயிரம்மா.”

அம்மா வேனைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் இதே வேன கொண்டாந்திருந்தா?”

இசக்கிமுத்து காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என் முகத்தப் பாத்துட்டீங்க. வண்டியப் பாத்துச் சொல்லுங்க.”

“இருபத்திரெண்டு,” என்றார் அவர்.

சொன்ன பிறகு அவர் ஒரு விஷயத்தை எதிர்பார்த்தார். அம்மா சிரிப்பார், சரி என்பார், அதோடு முடியும் என்று எதிர்பார்த்தார். அம்மாவுக்கு எதன் மேலும் ஒட்டு கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

கோமதி அம்மாவின் முகம் சுண்டிப்போனது. 

“இருபத்திரெண்டா?”

“ஆமாம்மா.”

“டயரு போன வருசம்தான மாத்துனோம்?”

“ஆமாம்மா.”

“பேட்டரியும் புதுசு.”

“நாந்தாம்மா வாங்கிட்டு வந்தேன்.”

“பொறவும் இவ்வளவுதானா?”

அந்தக் கொட்டகையில் எத்தனையோ பேர் அவரிடம் கேட்ட கேள்வி. ஒரு சொல் மாறாமல் அப்படியே கேட்டார். அந்த வாயிலிருந்து இது வரும் என்று இசக்கிமுத்து கனவிலும் நினைத்ததில்லை. அவருக்கு என்னவோ போலிருந்தது. கொஞ்சம் கோபம்கூட வந்தது என்று சொல்ல வேண்டும்.

“தரையில ஓட்டை விழுந்துட்டும்மா. இன்ஜின் புகை தள்ளுது. இனிமே இத வாங்குதவன் ஓட்டுததுக்கு வாங்க மாட்டான்.”

“பின்ன எதுக்கு?”

“பிரிச்சிருவான்.”

கோமதி அம்மா வேனின் இடது முன்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த தகரச் சுவரைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

தளவாய் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேனுக்குள் பார்த்துவிட்டு இசக்கிமுத்துவைத் தனியே இழுத்தார். கெட்ட மனிதர் இல்லை தளவாய்.

“என்ன அண்ணாச்சி, உங்க ஆசிரமத்து அம்மாவையே அழ வச்சிட்டீங்க? அறுபத்தஞ்சு, எழுபது, எதையாவது போடுங்க. புது வண்டியில நான் பாத்துக்கிடுதேன். சிரிச்ச முகமா அனுப்புங்க.”

இசக்கிமுத்து வேனருகே போனார்.

“அம்மா, நான் கூட்டிப் போட்டிருதேன்.”

“கூட்டுதது எங்க இருந்து வரும்?”

“புது வண்டியில கழிச்சிக்கிடுவோம்.”

“அப்ப எனக்கு எவ்வளவு கூடும்?”

“துட்டு ஒண்ணும் கூடாதும்மா. மனசுக்கு…”

தன் வாயால் சொல்லும்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

“அந்தப் பக்கமா வந்து உக்காருங்க,” என்றார் அம்மா.

அவர் சுற்றி வந்து ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். கை தானாக ஸ்டீயரிங்கில் போய் நின்றது. அந்தச் சீட்டின் பள்ளம் இன்னும் அவர் அளவிலேயே இருந்தது.

“திருச்செந்தூர் போனமே, நெனவிருக்கா?” என்றார் அம்மா.

“இப்பந்தாம்மா நெனச்சேன்.”

“அந்தத் தாத்தா சாகுததுக்கு மொத நாளும் கடலப் பத்தித்தான் பேசுனாரு. எங்கிட்ட வந்து, ‘தாயி, அது முடியவே மாட்டேங்குதே, அந்தப் பக்கம் யாரு இருக்கா’ன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கும் தெரியாதுன்னேன்.”

இசக்கிமுத்து சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“சொர்ணம் அந்தப் பக்கத்துக் கண்ணாடிய ஏத்தவே மாட்டா அம்மா.”

“தெரியும்.”

“கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புளியரைப் பக்கம் மலை தெரியுதான்னு கேட்டா. நான் ரோட்டப் பாத்துக்கிட்டே, ‘ம்’னு சொல்லிட்டேன். திரும்பிப் பாக்கல. மலை தெரிஞ்சுதா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கூட ஏறி உட்காரவில்லை. அம்மா அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொட்டகைக்கு வெளியே யாரோ ஒருவர் புது வண்டியின் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கோமதி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

“எங்க கையெழுத்துப் போடணும்?”

“எவ்வளவுக்கும்மா?”

“வண்டியப் பாத்துச் சொன்னீங்கள்லா, அதுக்கு.”

இருபத்திரெண்டாயிரத்துக்கே கையெழுத்துப் போட்டார். புது வேனுக்கு உள்ள தள்ளுபடியை ஒரு ரூபாய் குறைக்காமல் எழுதச் சொன்னார் இசக்கிமுத்து. தளவாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாரே தவிர மறுக்கவில்லை. புது வேன் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். இசக்கிமுத்து அம்மாவை பஸ் ஏற்றிவிடக் கூடவே போனார்.

நிறுத்தத்தில் வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்ததை அவர் அங்கேதான் கேட்டார்.

“அம்மா, நீங்களே அழுதா நாங்க என்ன செய்ய?”

“நானே அழுதா என்ன?”

“உங்களுக்குப் பற்று கிடையாதுன்னு நெனச்சிருந்தேன்.”

“நான் அப்படிச் சொன்னேனா?”

சொன்னதில்லை. அவருக்கு நினைவு தெரிந்து ஒருநாளும் சொன்னதில்லை.

“அழுத பொறவும் குடுத்துட்டீங்களே.”

“பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்லா?”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இசக்கிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“என்னாலதாம்மா. மொதல்ல சொன்ன வெலையிலயே நான் நின்னிருந்தா உங்களுக்கு இன்னைக்கு இந்தச் சங்கடமே கிடையாது.”

பஸ் வந்து நின்றது. கோமதி அம்மா ஏறி, ஜன்னலோரம் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, கம்பி வழியாக அவரைப் பார்த்தார்.

“கிடையாதுதான் அண்ணாச்சி. நல்ல வெலைக்குப் போச்சுன்னு அப்பவே பஸ் ஏறியிருப்பேன். வேன்ல ஏறி உக்காந்திருக்க மாட்டேன்.”