பனிமலையில் எரியும் இரண்டு விளக்குகள்

ஏரிக்கரை ஊர் ஒன்றில் அந்தக் கருத்தரங்கு நடந்தது. பாதுகாப்புக் கொள்கை பற்றிப் பேசப் பல நாடுகளிலிருந்து இளம் அதிகாரிகள் வந்திருந்தார்கள். முதல் நாள் எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு விறைப்பாக விசிட்டிங் கார்டு நீட்டினார்கள். வாரக் கடைசியில் ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் உருளைக்கிழங்கு எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். சின்ன வயசு, பாவம், எத்தனை நாளைக்குத்தான் விறைப்பாக இருக்க முடியும்?

நடத்தியவர் கோமதி மேடம். திருநெல்வேலிக்காரர். எல்லைப் பேச்சுவார்த்தைகளிலேயே தலை நரைத்தவர். அங்கே அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான். இங்கே கேட்டதை வெளியே சொல்லலாம். சொன்னது யார் என்று மட்டும் சொல்லக் கூடாது.

கடைசி நாள், பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில், இசக்கிராஜ் அவர் அறைக்கு வந்தான். தூத்துக்குடிப் பையன். தலைநகரில் எல்லை விவகாரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலை.

"மேடம், பேரைத்தானே சொல்லக் கூடாது? விஷயத்தைச் சொல்லலாம்ல?"

"சொல்லலாம்."

"ஊருக்குப் போனதும் ஆபீஸ்ல உக்கார வச்சு விசாரிப்பாங்க, என்ன தெரிஞ்சுக்கிட்டு வந்தேன்னு. பெரிசா ஒண்ணு கொண்டுபோனா பிரமோஷனே கிடைக்கும், மேடம்."

"அப்படி என்ன விஷயம்?"

அவன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தாரா சொன்னா, மேடம்..."

கோமதி மேடம் சிரித்துவிட்டார்.

"பேரு முதல்ல வந்துட்டுதே, தம்பி."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தாரா எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டுப் பெண். அங்கிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். விஷயம் வெளியே போனாலே போதும், யார் சொன்னது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அவள் நாட்டில் அவளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்.

விஷயம் இதுதான். எல்லையில், பனிமலை உச்சியில் தாராவின் நாட்டுக்கு ஒரு காவல் சாவடி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே ஆளே கிடையாது. சிப்பாய்ப் பையன்கள் பனியில் செத்துப்போகிறார்கள் என்று எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார்கள். ஆள் இருப்பதுபோல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

"அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் இத்தனை வருஷமா பயந்துக்கிட்டு இருந்திருக்கோம், மேடம்!"

"சரி. அவ இதைச் சொன்னப்போ நீ என்ன சொன்ன?"

 இசக்கிராஜ் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"அவ தம்பிக்கு அங்கதான் கால் விரலெல்லாம் போச்சாம். சொல்லும்போதே அழுதுட்டா. மனசு கேக்கல, மேடம். எங்க சாவடியும் அப்படித்தான்னு சொல்லிட்டேன்."

"அப்படின்னா?"

"எங்க பசங்களும் குளிருக்குக் கீழ வந்துருவாங்க. விளக்கு மட்டும்தான் எரியும்."

கோமதி மேடம் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

"நீ போய்ச் சொல்லிட்டா, பனியில அந்த மலைக்கு யாரு ஏறுவா?"

"எங்க பசங்க. அவங்க சாவடியைப் பிடிக்க."

"பெறகு?"

"அவங்க பசங்களும் ஏறுவாங்க. எங்க சாவடியைப் பிடிக்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. கெட்ட பையன் இல்லை. பிரமோஷன் கண்ணை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவன் எழுந்தான். கதவு வரை போனவன் திரும்பி நின்றான்.

"நான் வாயே திறக்க மாட்டேன், மேடம். ஆனா அவளையும்தான் உக்கார வச்சுக் கேப்பாங்க. அவ சொல்லிட்டா? எங்க பசங்க கதி என்ன? அவளை நான் எப்படி நம்புறது?"

கோமதி மேடம் ஜன்னலைக் காட்டினார். கீழே தாரா பெட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் ஏறாமல் இந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் அவகிட்டயே கேளு, தம்பி. காலைல இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, உன்னைப் பத்தி அவளும் இதையேதான் கேட்டா."