உத்தரத்தில் ஒரு நாற்காலி

காரைக்குடியில் ரெஜினாவுக்கு ஒரு மரப்பட்டறை. இடித்த வீடுகளின் பழைய மரத்தை வாங்கி, ஆணி பிடுங்கி, மேசை கட்டில் செய்வார். வயது முப்பத்தாறு. அவரிடம் தச்சு கற்றுக்கொண்டிருந்தவர் வைரவன், ஓய்வுபெற்ற தாசில்தார். வயது அறுபத்திரண்டு.

ஒரு நாள் ஜமீன் அரண்மனை ஒன்றின் உத்தரம் வந்து இறங்கியது. பர்மா தேக்கு. வைரவன் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“இதுல என்ன செய்யப்போறோம், மேஸ்திரி?”

“கக்கூஸ் நாற்காலி.”

வைரவன் கையை எடுத்துவிட்டார். “யாருக்கு?”

“பஸ் டிரைவர் காதர்மைதீனுக்கு. முழங்கால்ல ஆபரேஷன். இனிமே குத்தவைக்க முடியாது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வர்றார்.”

“ஜமீன்தார் தலைக்கு மேல இருந்த மரம். இதுக்கு அவமானம் இல்லையா?”

ரெஜினா அளவுச் சீட்டை நீட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

வைரவனுக்கு மனசு வரவில்லை. உத்தரத்தைத் தார்ப்பாயால் மூடினார். பாக்கிங் பெட்டிப் பலகையில் நாற்காலி செய்து, தேக்கு நிறத்தில் பாலிஷ் அடித்தார். புதன்கிழமை காலை கொண்டுவந்து வைத்தார்.

ரெஜினா அதை ஒரு தட்டு தட்டினார்.

“உட்காருங்க, சார்.”

“நானா?”

“டிரைவர் உங்களைவிட முப்பது கிலோ கூட.”

வைரவன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு கால்களும் நான்கு பக்கம் போயின. அவர் தரையில் கிடந்தார். நடு ஓட்டையில் வசமாகச் சிக்கியிருந்தார். இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. ரெஜினா ரம்பத்தை எடுத்தார்.

“அசையாதீங்க.”

பாதி அறுத்தபோது வைரவன் மெல்லக் கேட்டார். “நாளைக்கு அவர் இதுல உட்கார்ந்திருந்தா?”

“ஆபரேஷன் செஞ்ச கால்.”

விடுபட்டதும் வைரவன் நேரே போய்த் தார்ப்பாயை விலக்கினார். அன்று சாப்பிடக்கூட எழவில்லை.

வியாழக்கிழமை இருவரும் காதர்மைதீன் வீட்டில் தேக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். தெருமுனையில் வைரவன் நின்றார்.

“தப்பு என்னோடதுதான், மேஸ்திரி. இருந்தாலும் மனசு கேக்கல. அரண்மனையில இருந்த மரம்.”

“ஜமீன்தார் அதை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார், சார்” என்றார் ரெஜினா. “காதர்மைதீன் தினமும் விடிஞ்சதும் அதைத்தான் தேடுவார்.”