கையெழுத்து விழாத பக்கம்

"நான்தான் மேடம் முதல்ல ஆரம்பிச்சேன். நான்தான் அதிகமா பேசினேன். கடைசியில முடிச்சு வெச்சதும் நான்தான். அப்புறமும் என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றான் தணிகைவேல்.

மேஜர் பிலோமினா தரையில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனையாவது தடவை?"

"மூணாவது."

"மூணு தடவையும் இதையேதான் செஞ்சியா?"

"ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நல்லா செஞ்சேன் மேடம்."

மேஜர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

ராணுவ அதிகாரி தேர்வுக்குப் போகிறவர்களை ஐந்து நாள் தங்கவைத்துப் பார்ப்பார்கள். அதில் குரூப் டிஸ்கஷன் என்று ஒன்று உண்டு. பத்துப் பேருக்கு நெஞ்சில் நம்பர் கட்டி, அரைவட்டமாக உட்காரவைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். தலைவர் கிடையாது. முறை கிடையாது. ஓர் அதிகாரி ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார், வாயைத் திறக்க மாட்டார். அந்த இருபது நிமிடத்தில்தான் தணிகைவேல் மூன்று முறையும் கவிழ்ந்தான்.

வயது வரம்பின்படி அவனுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அவன் அப்பா ராணுவ மெஸ்ஸில் இருபது வருடம் அதிகாரிகளுக்குப் பரிமாறியவர்; மேஜருக்கும் பரிமாறியிருக்கிறார். வேறு எந்த வேலையையும் அவன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"ஏதாவது சொல்லிக்குடுங்க மேடம். எனக்கு ஞாபக சக்தி அதிகம். எந்தத் தலைப்பு குடுத்தாலும் என்னால அஞ்சு கோணத்துல பேச முடியும். என்னோட இங்கிலீஷும்..."

"கொஞ்ச நேரம் உன்னைப் பத்திப் பேசறதை நிறுத்தித் தொலை."

அவன் நிறுத்தினான். பாவம், அது அவனுக்குச் சுலபமில்லை.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வா. இங்க சங்கக் கூட்டம் இருக்கு. பேசறதைக் குறிச்சு மினிட்ஸ் எழுத ஆளில்ல."

"மேடம், நான் பேசறதுக்குப் பயிற்சி கேட்டேன்."

"எழுதத் தெரியுமா, தெரியாதா?"

மேஜருக்கு முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், இப்போது காட்பாடியில் இருபத்துநாலு வீடுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். எல்லையே தேவலை என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி, முடிந்ததும் வாசிக்க வேண்டும். அவரவர் பேச்சுக்குப் பக்கத்தில் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று பிறகு யாரும் கிளம்பக் கூடாது என்பதற்காக மேஜர் கொண்டுவந்த ஏற்பாடு இது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாவது மாடிக்குக் காலையில் தண்ணீர் ஏறவில்லை என்பதுதான் பிரச்சினை. ஒரு மணி நேரம் கத்தினார்கள்.

தணிகைவேல் எழுதினான். அழகான கையெழுத்து. எழுந்து நின்று வாசித்தான்.

"தண்ணீர்ப் பற்றாக்குறை குறித்து உறுப்பினர்கள் விவாதித்தனர். இதற்கு ஐந்து கோணங்கள் உள்ளன. முதலாவது, நிலத்தடி நீர்மட்டம்..."

மூன்றாவது மாடி கோமளா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏம்ப்பா, நான் கேட்டது எங்க வீட்டுக் குழாயைப் பத்தி. நிலத்தடி நீர்மட்டத்தை யார் கேட்டா?"

அன்று ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

"எத்தனை கையெழுத்து?" என்றார் மேஜர்.

"ஒண்ணுகூட இல்ல."

"அடுத்த ஞாயிறும் வா."

அடுத்த ஞாயிறும் அதே தண்ணீர், அதே கத்தல். இந்த முறை அவன் தன் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினான். கோமளா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டாள். பதினோரு பேர் போட்டார்கள். அவனுக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது.

கடைசியாகத் தரைத்தள வீட்டு ஹனீபா பாய் வந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழே தேடினார்.

"நான் எங்க தம்பி போடணும்?"

"நீங்க ஒண்ணும் பேசலையே பாய்."

"பேசினேனே. மூணு தடவை."

கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போய்விட்டார். கோபித்திருந்தால்கூடத் தணிகைவேலுக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும்.

"என்ன மேடம் இது? எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா நான் யாருதைக் கேக்கறது? யாருக்கும் அடுத்தவன் பேசறது காதுலயே விழல. ஓரமா உட்கார்ந்து எழுதறவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை."

மேஜர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன சொன்ன?"

"எழுதறவனோட அவஸ்தை மேடம்."

"சரி. அடுத்த ஞாயிறு வா."

அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. குடியாத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, யார் வீட்டுக் குழாய்ச் சண்டையையோ எழுதிக்கொண்டிருக்கிறான். இனி வரக் கூடாது என்று முடிவு செய்தான். ஆனாலும் வந்தான். அந்த 'மூணு தடவை' அவனைத் தூங்கவிடவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் கோமளா மூச்சு வாங்கிய இடைவெளியில் ஹனீபா பாய், "மேல் தொட்டியில..." என்றார்.

"தொட்டி கெடக்கட்டும் பாய், மொதல்ல மோட்டாரை மாத்துங்க" என்று கோமளா பிடித்துக்கொண்டாள். இரண்டாவது மாடி பதிலுக்குக் கத்தியது.

தணிகைவேல் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"பாய், மேல் தொட்டியில என்ன? எழுதணும்."

எழுதுகிறவன் கேட்டதால் எல்லோரும் அடங்கினார்கள்.

"மூணாவது மாடிக்குப் போற மேல் தொட்டியில மிதவை வால்வு ஒட்டிக்கிது தம்பி. அதுதான் தண்ணியை உள்ள விட மாட்டேங்குது. மோட்டார் நல்லாத்தான் இருக்கு" என்றார் ஹனீபா பாய்.

மேஜர் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். கால் மணி நேரம் கழித்துக் கையெல்லாம் பாசியோடு இறங்கி வந்தார்.

"மூணு வாரமா நான் மோட்டாரைக் கழட்டிக்கிட்டு இருக்கேன். ஏன் பாய், என்கிட்ட வந்து சொல்லக் கூடாதா?"

"சொல்ல ஆரம்பிச்சேன் மேடம்" என்றார் ஹனீபா பாய்.

மேஜரின் முகம் சிவந்துவிட்டது. அன்று பக்கம் முழுக்கக் கையெழுத்து.

கிளம்பும்போது தணிகைவேல் தயங்கி நின்றான்.

"புதன்கிழமை ரயில் மேடம். இப்பவாவது டிஸ்கஷனுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"அங்க பேனா குடுக்க மாட்டாங்க" என்றார் மேஜர். "போ."

பதினைந்து நாள் அவனிடமிருந்து போனே இல்லை. பதினாறாம் நாள் பையோடு நேராக வந்து நின்றான்.

"என்னடா ஆச்சு?"

"நகரத்துல வெள்ளம் வந்தா யார் பொறுப்பு, அதான் மேடம் தலைப்பு. என் நம்பர் ஒன்பது, அதை விடுங்க. ஏழாம் நம்பர்னு ஒருத்தர். ஆரம்பத்துல 'எங்க ஊர் ஏரி'ன்னு ஒரு வார்த்தை சொன்னார். உடனே நாலு பேர் அவர் மேல ஏறிட்டாங்க. அப்புறம் அவர் வாயே திறக்கல."

"சரி."

"பேசாதவனைப் பேசவெச்சா மார்க்னு எல்லா கோச்சிங்லயும் சொல்லிக்குடுத்திருக்காங்க போல. பாதி நேரம் போனதும், 'ஏழாம் நம்பர் பேசட்டும்', 'ஏழாம் நம்பருக்கு வாய்ப்புக் குடுப்போம்'னு ஆறு பேர் ஒண்ணா கத்தறாங்க. அந்தக் கூச்சல்ல அவர் எங்கேர்ந்து பேசறது?"

மேஜருக்குச் சிரிப்பு வந்தது. "நீ என்ன செஞ்ச?"

"'அவர் ஏற்கெனவே ஆரம்பிச்சிட்டார், ஏரின்னார், நாமதான் விடல'ன்னேன். அவ்வளவுதான். எல்லாரும் அவரைப் பார்த்தாங்க. மேடம், அவங்க ஊர்ல ஏரி மதகைத் திறக்கறவர் ரிட்டயர் ஆகி நாலு வருஷமாச்சாம். வேற ஆள் போடவே இல்லையாம். மழை கொட்டினப்ப மதகுச் சக்கரத்தை எந்தப் பக்கம் சுத்தணும்னே ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலையாம். இதைக் கேட்டதும் ரெண்டாம் நம்பர் சொன்னார்..."

"தணிகை. ரிசல்ட்."

"சொல்றேன் மேடம். ரெண்டாம் நம்பர், பட்டியல் போட்டு ஒவ்வொரு மதகுக்கும் ரெண்டு பேரைப் பழக்கணும்னார். அஞ்சாம் நம்பருக்கு அது சரிப்படல. அவரோட மாமா பொதுப்பணித் துறையில..."

"உன்னைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லித் தொலைடா."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"கடைசி நாள் ரெண்டு நம்பரைத்தான் கூப்பிட்டாங்க மேடம். ஒண்ணு ஏழு. அவர் அழுதுட்டார்."

"இன்னொண்ணு?"

"ஒன்பது. ஆனா நாலாம் நம்பர் ஒரு கேள்வி கேட்டார் பாருங்க, அதை நீங்க கண்டிப்பா கேக்கணும்..."

மேஜர் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு வரி எழுதினார். 'ஒன்பதாம் நம்பர் தேர்வானார்.'

புத்தகத்தை அவன் பக்கம் தள்ளி, பேனாவை மேலே வைத்தார்.

"கையெழுத்துப் போடு."